ஒன்பது பேருக்கான சோறும் ஒரு போர்ட்டரின் பெயர் அட்டையும்

என்னைக் கூட்டிப்போகத் தம்பி மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் நின்றான். நான் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கினேன். இரண்டுக்கும் நடுவில் நீண்ட ஓட்டம், வழி முழுக்கப் பனி. லண்டனிலிருந்து போகிற விமானம் மிராபெலில்தான் இறங்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்குத் தெரியவில்லை. அவன் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவுகிறான். விமான நிலையம் என்றால் அவனுக்கு டோர்வல்தான்.

மூன்று மணித்தியாலம் வாங்கில் குந்தியிருந்தேன். நிலம் துடைக்க வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தாள். லண்டனில் ஐந்து வருடம் இருந்திருக்கிறேன், எவனும் பாணைப் பிய்த்துத் தரவில்லை. தம்பி ஓடி வந்தபோது ஏசுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஏச்சை விழுங்கிவிட்டேன்.

நான் போன காரியம் ஒரு காகிதம். அடுத்த கிழமை தம்பிக்கு அகதி விசாரணை. வழக்கறிஞர் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேட்டிருந்தார். ஊரிலிருந்து தபாலில் போட்டது எங்கோ தொலைந்துவிட்டது. இரண்டாவது பிரதி ஒரு தெரிந்தவர் கையில் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. தபாலை நம்பாமல், அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நானே போனேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி. மொன்றியல்காரர் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே கட்டுகிறார்கள். பனிக்காலத்தில் அது வழுக்குமரம். பாதிப் படியில் நான் பெட்டியோடு விழுந்தேன். மேலேயிருந்து நாலைந்து பேர் காலில் சப்பாத்துக்கூட இல்லாமல் ஓடி வந்து தூக்கினார்கள். "பாத்து அண்ணை, பாத்து. இந்தப் படியிலை விழாத தமிழன் இல்லை" என்றான் ஒருவன்.

மூன்று அறையில் ஒன்பது பேர். மூத்தவர் மாஸ்டர், ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். வீட்டில் எல்லாருடைய கடிதங்களையும் அவர்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். அன்று தன் மெத்தையை எனக்குத் தந்துவிட்டுத் தரையில் படுத்தார். "நீங்கள் தூரத்திலை இருந்து வந்தனீங்கள், படுங்கோ" என்றார். நல்ல மனுசன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் பெரிய எரிச்சல்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த நாள் யார் சமையல், யார் பாத்திரம் கழுவுவது என்ற முறைப்பட்டியல். சனிக்கிழமைக்கு நேரே "செல்வா" என்று தம்பியின் பெயர். மூலைக்கடையை அங்கே டெப்பனர் என்கிறார்கள். அதில் வாங்கிய கோதுமை மாவை வறுத்து அவித்த பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் எனக்குப் போட்டார்கள்.

"இண்டைக்குக் கறி சுமார்தான் அண்ணை" என்றான் பிலிப்பு. இவன் மட்டக்களப்பான், வேதக்காரன், வீட்டிலேயே பெரிய வாய். "சனிக்கிழமை பாருங்க. உங்கட தம்பிட கறி. போன முறை மாஸ்டர் விரலையும் சேத்துக் கடிச்சிட்டார்."

"நல்லி எலும்பு எண்டால் எனக்குத்தான் எடுத்து வைப்பான்" என்றார் மாஸ்டர், தம்பியின் முதுகில் தட்டி. தம்பி இந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதமாக இப்படித்தான்.

அடுத்த நாள் பின்னேரம் எல்லோரும் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். சான்றிதழ் தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் மாற்றவேண்டும். மாஸ்டர் இருக்கிறார். நான் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் விரித்து, "மாஸ்டர், இதை ஒருக்கா எழுதித் தாங்கோ" என்றேன். மேசைக்குக் கீழே தம்பி என் காலை மிதித்தான். "ஏன்டா மிதிக்கிறாய்?" என்று உரக்கக் கேட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு, வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தார். "பிள்ளையின் பெயர், செல்லன். தகப்பன் பெயர், சின்னான். தாய் பெயர், வள்ளி."

வாசித்துவிட்டு நிறுத்தினார்.

யாழ்ப்பாணத்தைத் தெரியாதவருக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள், ஊர் தாழ்த்தி வைத்த சாதி, பிள்ளைக்கு நீளமான பெயர் வைக்கக்கூடாது. கந்தசாமி என்று வைத்தால் பதிவுகாரன் கந்தன் என்றுதான் எழுதுவான். பொன்னம்மா என்றால் பொன்னி. எங்கள் அப்பு தம்பிக்குச் செல்வராசா என்று பெயர் வைத்துக்கொண்டு பதியப் போனார். "உனக்கெதுக்கடா ராசா?" என்று கேட்டுவிட்டுப் பதிவுகாரன் செல்லன் என்று எழுதினான். அப்பு சாகும்வரை வீட்டில் செல்வராசா என்றுதான் கூப்பிட்டார். தம்பி இந்த வீட்டில் சொன்னதும் அதைத்தான். மற்றவர்கள் செல்வா என்று சுருக்கினார்கள். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வெளியில் ஒரு ஆளிடம் கொடுத்து எழுதுவிக்க அவன் இடம் பார்த்து வைத்திருந்தான். நான் அதைச் சோற்று மேசையில் விரித்துவிட்டேன்.

மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "உங்கடை வீடு கோயிலுக்குக் கிழக்காலையோ, மேற்காலையோ?"

"கோயிலுக்கு வெளியாலை" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. அன்றைக்கே மொழிபெயர்ப்பை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் செய்து தந்தார். ஆனால் "இந்தாரும், சரி பாரும்" என்று தந்தார். முதல்நாள் நீங்கள், இரண்டாம் நாள் நீர்.

வியாழக்கிழமை காலை குளியலறைக்குப் போனேன். முதல் இரவு நான் படுத்த மெத்தையின் விரிப்பு வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் போனேன். குளிர்பெட்டியில் புதிய தாள். மாஸ்டரின் அழகான கையெழுத்து. சனிக்கிழமைக்கு வேறொருவன் பெயர். தம்பியின் பெயர் கீழே போயிருந்தது, "செல்லன், பாத்திரம், எல்லா நாளும்."

"அவனுக்கு ஓவர்டைம் கூட எண்டு எல்லாருமாய் யோசிச்சம்" என்றார் மாஸ்டர். "பாவம், சமையல் கஷ்டம்."

நாங்கள் ஏன் இந்தக் குளிரில் கிடக்கிறோம்? கொழும்பில் தமிழன் வீட்டைக் கொளுத்தியவன் உள்ளே இருப்பவன் எந்தச் சாதி என்று கேட்டா கொளுத்தினான்? கடல் தாண்டி வந்து, எட்டு மாதம் தம்பியின் கையால் தின்றுவிட்டு, இப்போது அந்தக் கை கழுவ மட்டும் ஆகுமாம். நான் கத்த வாயெடுத்தேன். தம்பி என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினான்.

தெருவில் அவன்தான் கத்தினான். "நீங்கள் கத்திப்போட்டு ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறிடுவியள். பேந்து இஞ்சை இருக்கிறது ஆர்? இந்தப் பனிக்குள்ளை எனக்கு வேறை அறை ஆர் தருவினம்?"

அந்த வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. அவனோடு பஸ் ஏறி டோர்வலுக்குப் போனேன். வேலைக்காரர் சாப்பிடும் அறையில் உட்கார்ந்திருந்தேன். மனேஜர் எட்டிப் பார்த்து, "சாம், உள்ளே வா" என்று தம்பியைக் கூப்பிட்டான். இன்னொரு தமிழ்ப் பொடியனையும் சாம் என்றான். தமிழன் எல்லாரும் அவனுக்குச் சாம்.

மத்தியானம் ஒரு கறுத்த அம்மா வந்து என் முன்னால் நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் எடித், தட்டுக் கழுவும் பகுதிக்கு மேற்பார்வையாளர். பின்வரும் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

"நீதான் செல்-வா-ரா-ஜாவின் அண்ணனா?" ஒவ்வொரு எழுத்தையும் கல்லுடைப்பதுபோல உடைத்துச் சொன்னாள். "நேற்று வரைக்கும் பாடிக்கொண்டு வேலை செய்தான். இன்றைக்கு மூன்று தட்டு உடைத்துவிட்டான். அவனை நீ என்ன செய்தாய்?"

எனக்கு மறைத்துப் பேச வராது. எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், கோயில், விரிப்பு, குளிர்பெட்டித் தாள். அவள் வாயைப் பிளக்கவில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. "ஓ, அதுவா?" என்றாள், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிக் கேட்டதுபோல. "உன் தம்பியை ஏன் முழுப்பெயரில் கூப்பிடுகிறேன் தெரியுமா? நாளைக்கு எனக்கு வேலையில்லை. வீட்டுக்கு வா, காட்டுகிறேன்."

வெள்ளிக்கிழமை தனியாகப் புறப்பட்டேன். பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு அப்போது மெட்ரோ வரவில்லை, தோண்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் சாரதியிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டேன், அவர் பிரெஞ்சில் சொன்னார். நான் தலையாட்டினேன். பிழையான பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்து, மெட்ரோ பிடித்து, முழங்கால் பனியில் நடந்து போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். எடித்தின் தெரு ரயில் பாதைக்குக் கீழே, சென் அன்டுவான் வீதிப் பக்கம். பாதித் தெருவைக் காணவில்லை. பெரிய வாகன வீதி போடுவதற்காக இடித்துவிட்டார்களாம். "எங்கள் ஆட்கள் இருந்த இடம்தானே, இடிக்கச் சுகம்" என்றாள்.

உப்பு மீனை உதிர்த்து மாவில் பொரித்துத் தந்தாள். தாய் பார்படோஸ்காரியாம். தொட்டுக்கொள்ள ஒரு மிளகாய்ச் சாறு. நான் யாழ்ப்பாணத்தான், உறைப்பு எனக்குப் புதிதில்லை. கண்ணால் தண்ணீர் கொட்டிவிட்டது. அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அடுப்புக்கு மேலே, சாமிப்படம் இருக்கவேண்டிய இடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சின்ன அட்டை. கையகலம்தான் இருக்கும். ஓரம் பழுத்துப்போயிருந்தது. அதில் ஒரு பெயர். வால்டர் எலியா சிம்ஸ்.

"என் அப்பா" என்றாள். "ரயிலில் தூங்கும் பெட்டியில் போர்ட்டர். படுக்கை விரிப்பார், பெட்டி தூக்குவார், பயணிகள் தூங்கும்போது அவர்களுடைய சப்பாத்தைத் துடைப்பார். அவர்கள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஜோர்ஜ். கறுத்த போர்ட்டர் எல்லாரும் ஜோர்ஜ். அது கம்பனி முதலாளியின் பெயர். அடிமையை ஆண்டையின் பெயரால் கூப்பிட்ட பழக்கம்."

அந்த அட்டையையும் போர்ட்டர்களின் சங்கம்தான் கேட்டு வாங்கியதாம். சம்பளம், வேலை நேரம், தூக்கம் எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் கேட்டார்கள். ரயில் பெட்டியின் சுவரில் அன்றைய போர்ட்டரின் சொந்தப் பெயரை மாட்டவேண்டும். என் கை தன்பாட்டில் தொப்பியைக் கழற்றியது. கோயிலுக்குள் விட்டிருந்தால்கூட நான் அப்படிக் கழற்றியிருக்கமாட்டேன்.

எடித் பேசிக்கொண்டே போனாள். மொன்றியலுக்கு வருமுன் அவளுடைய அப்பா அமெரிக்காவில் சிக்காகோவிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் வேலை செய்தவர். தெற்கில் கறுத்தவனுக்கு வேறு பெட்டி, வேறு குழாய், வேறு வாசல். சிக்காகோவில் கறுத்தவர்கள் நடத்திய பத்திரிகை தெற்கே போகமுடியாது. வைத்திருந்தால் அடி, சில ஊர்களில் உயிரே போகும். அதைப் போர்ட்டர்கள் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் கட்டுக் கட்டாக ஒளித்துக் கொண்டுபோனார்கள். ஊருக்குச் சற்று முன்னால் ரயில் மெதுவாக வளையும் இடத்தில் வெளியே எறிவார்கள். அங்கே ஒரு பார்பர் காத்திருப்பான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கதிரையில் இருத்தி, முகத்தில் சவர்க்காரத்தைப் பூசிவிட்டு வாசித்துக் காட்டுவான்.

அதே ரயிலில் வெள்ளைக்காரன் "ஜோர்ஜ், விரிப்பைச் சரிபண்ணு" என்பான். "சரி ஐயா" என்பார் இவர். அந்த விரிப்புக்கு அடியில்தான் பத்திரிகை.

தலைவர்கள், பெரிய கூட்டங்கள் பற்றி எங்கோ வாசித்திருக்கிறேன். அதற்கெல்லாம் எத்தனையோ வருடம் முன்பு, சப்பாத்துத் துடைக்கிறவனும் தலைமயிர் வெட்டுகிறவனும் சேர்ந்து இதைச் செய்தார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் தலைமயிர் வெட்டுகிறவனை எந்த வாசலில் நிறுத்துகிறோம் என்று யோசித்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு தேவாலயத்தையும் கூட்டிப்போய்க் காட்டினாள். வெள்ளைக்காரரின் தேவாலயங்களில் கடைசி வாங்கில் இருத்தினார்கள் என்று போர்ட்டர்களும் மனைவிமாரும் தாங்களே தொடங்கியதாம். சங்கக் கூட்டத்தில் கண்டால் வேலை போய்விடும். அதனால் அவளுடைய அம்மாதான் கேக் பெட்டிக்குள் கடிதங்களை வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவாளாம்.

"உங்கள் ஆட்களுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லை? என் அம்மா அப்பாவைவிடக் கொஞ்சம் வெளுப்பு. கலியாணத்துக்கு அவளுடைய தாய் வரவில்லை. தேவாலயத்தில் மூன்று வருடம் வேறு வாங்கில் இருந்தாள், கிழட்டுப் பிடிவாதக்காரி."

எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. இருபது வயதில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஊர்த் தேநீர்க்கடைக்குள் போய், வாங்கில் இருந்து, கிளாசில் தேத்தண்ணி கேட்ட கதையைச் சொன்னேன். எங்களுக்கு வெளியே, தகரப் பேணியில்தான் தருவார்கள். கடைக்காரன் கொதிதண்ணீரை ஊற்றினான். கையிலிருந்த தழும்பைக் காட்டினேன். இதை நான் சொல்லாத இடமில்லை. கேட்டவர்கள் எல்லாரும் தழும்பைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

எடித் தொடவில்லை. "சரி. அடுத்த நாள் என்ன செய்தாய்?"

"அடுத்த நாளா?"

"அடுத்த நாளும் போய்க் கேட்டாயா?"

போகவில்லை. கை புண்ணாயிருந்தது. கை ஆறிய பிறகும் போகவில்லை. பிறகு கொழும்புக்குப் போனேன். பிறகு லண்டனுக்கு. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"அமெரிக்காவில் சங்கம் தொடங்கி, கம்பனி கையெழுத்துப் போடப் பன்னிரண்டு வருடம்" என்றாள். "எங்களுக்கு இங்கே இன்னும் பிந்தித்தான். கத்துவதற்கு ஒரு நாள் போதும்." நான் பன்னிரண்டு நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பஸ்ஸை உதைக்கிற ஆள்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் அட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"அதை நான் எத்தினை தரம் பாத்திருக்கிறன்" என்றான். "எடித் அம்மா புதுசா ஆர் வந்தாலும் காட்டுவா." பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னான். "அதைப் பாத்துப்போட்டு வந்தும் இஞ்சை வாயை மூடிக்கொண்டுதானே இருந்தனான்."

சனிக்கிழமை காலை அவன் குளிர்பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். நீலப் பேனையால் சனிக்கிழமைக்கு நேரே இருந்த பெயரை வெட்டினான். "செல்வராசா, சமையல்" என்று எழுதினான். அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. கீழே இருந்த செல்லனையும் வெட்டினான். கிரேக்கரின் இறைச்சிக் கடையில் ஆட்டிறைச்சி வாங்கி வந்தான். ஒன்பது பேருக்கும் எனக்கும் சேர்த்து அரிசி போட்டான். "குறைச்சுப் போடடா" என்றேன். "முறை எண்டால் ஒன்பது பேருக்கும்தான்" என்றான்.

கறி கொதிக்கத் தொடங்க வீட்டில் எல்லோருக்கும் அலுவல் வந்துவிட்டது. ஒருவனுக்கு ஊருக்கு டெலிபோன் எடுக்கவேண்டும். ஒருவனுக்கு வயிறு சரியில்லை. மாஸ்டர் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உலாவப் போனார். வெளியே மூக்கு கழன்று விழுகிற குளிர்.

தம்பி பத்துத் தட்டும் மேசையில் வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். கதவு திறந்தது, பிலிப்பு வேலையால் வந்தான்.

"என்னடா மனே, சாவு வீடு மாதிரி இரிக்கிறீங்க?" காலிக் கதிரைகளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தான். "எங்கட ஊரிலயும் இந்த வியாதி இல்லாம இல்ல. ஆனா எனக்கு இப்ப பசி. போடு, போடு."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் மீசையில் பனியோடு திரும்பி வந்தார். கக்கத்தில் ஒரு காகிதப் பெட்டி. பூட்டீன் என்று அங்கே ஒரு சாப்பாடு, உருளைக்கிழங்குப் பொரியல் மேல் சீஸ், அதற்குமேல் குழம்பு. வழியில் குளிர்ந்து கட்டியாகியிருக்கவேண்டும்.

"மாஸ்டர், சாப்பாடு இருக்கு" என்றான் தம்பி.

"எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு அறைக்குள் போனார்.

நான் எழுந்தேன். தம்பி என் கையைப் பிடித்தான். "இருங்கோ அண்ணை. சோறு ஆறுது." நான் இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மிச்சக் கறியைத் தம்பி மூடி வைத்தான். நல்லி எலும்பைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் வைத்தான். பழக்கம்.

ஞாயிறு காலை நான்தான் முதலில் சமையலறைக்குப் போனேன். கிண்ணம் வெறுமை. குப்பைவாளியைத் திறந்தேன். பூட்டீன் பெட்டிக்குள் சுற்றிக் கிடந்தது எலும்பு. உள்ளே ஒரு துளி இல்லாமல் உறிஞ்சியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாஸ்டரின் அறைக்கு நடந்தேன். முகத்தில் எறிவதாகத்தான் எண்ணம். தம்பி குறுக்கே வந்து நின்றான். எலும்பைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஒளிச்சுத் திண்டிருக்கிறான், உனக்குச் சிரிப்போ?"

"இந்தச் சனி ஒளிச்சுத் திண்டார். வாற சனி பாப்பம்."

"வாற சனியும் ஒளிச்சால்?"

"அதுக்கடுத்த சனி" என்றான். எலும்பை என் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டான். குளிர்பெட்டித் தாளை ஒருவரும் மாற்றவில்லை. கிழிசலோடு அப்படியே இருந்தது.

எடித் தன் காரில் மிராபெலுக்குக் கொண்டுபோய் விட்டாள். "உன் தம்பியை நம்பினால் டோர்வலுக்குக் கொண்டுபோவான்" என்றாள். வழியில், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

"மூன்று பேர். இன்னொருவர் ஒளித்து."

"நாலு பேர்!" ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தாள். கார் பனியில் ஒருமுறை ஆடியது. "என் அப்பா இங்கே கூட்டிய முதல் கூட்டத்துக்கு இரண்டே பேர். அதில் ஒருவன் தேவாலயத்தின் தரையைக் கூட்ட வந்தவன்."

இருவரும் சிரித்தோம். இருபக்கமும் வெள்ளை வயல், ஒரு காக்காகூட இல்லை.

"அடுத்த சனிக்கிழமை?" என்றாள், வீதியைப் பார்த்தபடி.

இந்தமுறை என்னிடம் பதில் இருந்தது. என்னுடைய பதில் இல்லை, தம்பியுடையது. இருந்தாலும் சொன்னேன்.

"சமைப்பான்."